ஒய்ஏ ஃபேன்டஸி, டிஸ்டோபியா நாவல் புதுசா படிக்கப் போறீங்களா? படிக்கும்போது மனசுல பட்டதைத் தொலைக்காம இருக்க ஒரு வழி

ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சு ஒரு நாவலை முடிச்சிருப்போம், மறுநாள் யாராவது "எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "செம"ங்கிற ஒத்த வார்த்தைக்கு மேல வாயில வராது, ரெண்டு மாசம் போனா கேரக்டர் பேரு கூட மறந்துரும். எனக்கு ரொம்ப வருஷம் இப்படித்தான் போச்சு. அப்புறம் ஒரு சின்ன நோட்டு வச்சுக்கிட்டு படிக்க ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் படிச்ச புக் எல்லாம் இன்னும் என்கூடவே இருக்கு. இந்த வகை நாவல் நமக்குள்ள கோவம், பயம், ஏக்கம்னு என்னென்னத்தையோ கிளப்பி விடும், அதைப் பிடிச்சு வைக்கலன்னா பாதி புக்கைப் படிக்காத மாதிரிதான். அதனால எங்க ஆரம்பிக்கிறது, எப்படி குறிச்சு வைக்கிறதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல ஒரு நிமிஷம், இது என்ன வகைன்னு

ஒய்ஏன்னா யங் அடல்ட், டீன் ஏஜ் பசங்களை மனசுல வச்சு எழுதுறது, ஹீரோ ஹீரோயினுக்கும் பெரும்பாலும் அதே வயசுதான். 1967ல வந்த தி அவுட்சைடர்ஸ் நாவலைத்தான் நிறைய பேர் இந்த வகைக்கு ஆரம்பப் புள்ளின்னு சொல்வாங்க, அது வெளியானப்போ அதை எழுதின எஸ்.இ.ஹின்டனுக்கு 18 வயசு. அது ஃபேன்டஸி கிடையாது, ஆனா டீன் ஏஜ் வயசோட குரல்லயே கதை சொல்றதுங்கிற விஷயம் அங்கதான் கெட்டியாச்சு. டிஸ்டோபியாங்கிறது நொந்து போன ஊர். தாமஸ் மோர் 1516ல யுடோபியான்னு எல்லாம் சரியா நடக்கிற ஒரு கற்பனைத் தீவை எழுதினார், அந்தப் பேரைத் திருப்பிப் போட்ட மாதிரி வந்த வார்த்தை இது. ஃபேன்டஸில உலகத்தோட விதியே வேற, மந்திரம் இருக்கும், டிராகன் இருக்கும். டிஸ்டோபியால உலகம் நம்ம உலகம்தான், விதியை மட்டும் சில மனுஷங்க உக்காந்து எழுதியிருப்பாங்க. இந்த வித்தியாசம் ஒண்ணு போதும், மத்ததெல்லாம் படிக்கப் படிக்கத் தானா புரியும்.

1. முதல் புக் சின்னதா இருக்கட்டும்

எடுத்த எடுப்புல ஏழு வால்யூம் சீரிஸ்ல கை வைக்காதீங்க. டிஸ்டோபியாவுக்கு லோயிஸ் லோரியோட தி கிவ்வர், 1993ல வந்தது, சின்ன புக், பின்னாடி இடைவெளி விட்டு இன்னும் மூணு நாவல் அதோட தொடர்ச்சியா வந்திருந்தாலும் இது ஒண்ணை மட்டும் தனியா படிச்சு நிறுத்திக்கலாம். வேகமா ஓடுற கதை வேணும்னா சூசன் காலின்ஸோட தி ஹங்கர் கேம்ஸ், 2008, ஒவ்வொரு மாவட்டத்துல இருந்தும் டீன் ஏஜ் பசங்களைக் குலுக்கல்ல எடுத்து, ஒருத்தர் மட்டும் மிஞ்சுற வரைக்கும் நடக்கிற சாவு விளையாட்டுல இறக்கி விடுற நாட்டோட கதை, காட்னிஸ்ங்கிற பொண்ணுதான் ஹீரோயின். ஃபேன்டஸிக்கு உர்சுலா லெ குவின் எழுதின எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ, 1968ல வந்தது, கதை நிதானமா நகரும், சாயங்காலம் பாட்டி சொல்ற கதை மாதிரி ஒரு தொனி, அவசரப்படாம படிக்கிற மனநிலை இருந்தா மட்டும் எடுங்க.

சீரிஸா இருந்தா எந்த புக் முதல்ல வந்துச்சோ அதையே முதல்ல படிங்க, கதை எந்த வருஷத்துல நடக்குதுங்கிற வரிசையைப் பார்க்காதீங்க. 2020ல ஹங்கர் கேம்ஸுக்கு முன்கதையா ஒரு நாவல் வந்துச்சு, அது மெயின் கதைக்கு 64 வருஷம் முன்னாடி நடக்குது, அதுல ஸ்னோங்கிற ஆளு 18 வயசுப் பையன். மெயின் கதைல அவனை வயசான அதிபரா பார்த்து வெறுத்துட்டு அப்புறம் இந்தப் பையனைச் சந்திச்சா உள்ள ஒரு குழப்பம் வரும் பாருங்க, சில இடத்துல அவனுக்காக மனசு இளகும், உடனே நம்ம மேலயே கோவம் வரும். வரிசையை மாத்திப் படிச்சா அது கிடைக்காமலே போயிரும்.

2. திறக்குறதுக்கு முன்னாடி வெளிக்குரல் எதையும் கேக்காதீங்க

ரேட்டிங் பார்க்காதீங்க, ரீல்ஸ் பார்க்காதீங்க, முக்கியமா ரெண்டாவது புக்கோட பின் அட்டையைத் தப்பித்தவறி கூடப் படிக்காதீங்க, முதல் புக்ல யாரு பொழைச்சாங்கன்னு அங்க முதல் வரியிலயே போட்டிருப்பான். அட்டைப்படத்தையும் முழுசா நம்பாதீங்க. எர்த்ஸீ கதையோட ஹீரோ கெட், செம்பழுப்பு நிறத்துக்காரன், புக்குக்குள்ள தெளிவா எழுதியிருக்கு, ஆனா எத்தனையோ பதிப்புல அட்டைல அவனை வெள்ளையாவே போட்டாங்க, லெ குவின் அதைப் பத்தி வெளிப்படையா வருத்தப்பட்டிருக்காங்க. நான் படிச்சு முடிச்ச பிறகுதான் அட்டையைத் திரும்பிப் பார்த்து கடுப்பானேன், எனக்குள்ள நான் பார்த்த பையன் வேற.

3. முதல் 50 பக்கம் புரியலன்னா பயப்படாதீங்க

புதுசா படிக்கிறவங்க பாதி பேர் விடுற இடம் இதுதான். புதுப் புது வார்த்தையா வரும், ஊர் பேரு, பதவி பேரு, சடங்கு பேருன்னு, எதுக்கும் அர்த்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. உடனே நெட்ல தேடாதீங்க, தேடினா அர்த்தத்தோட சேர்த்து க்ளைமாக்ஸும் வந்து நிக்கும். நோட்டுல அந்த வார்த்தையை எழுதி பக்கத்துல உங்க யூகத்தை எழுதுங்க, அவ்ளோதான், மேல படிங்க.

இதோட மதிப்பு எனக்குத் தெரிஞ்சது கிவ்வர் படிச்சப்போ. முதல் சாப்டர்லயே ஒரு விமானி வழி மாறிப் பறந்துட்டான், அவனை "ரிலீஸ்" பண்ணப் போறோம்னு ஸ்பீக்கர்ல அறிவிப்பு வருது. நான் நோட்டுல எழுதினது: "ரிலீஸ் = வேலைய விட்டுத் தூக்குறது? ஊரை விட்டு அனுப்புறது?" அடுத்தடுத்த சாப்டர்ல வயசானவங்களை ரிலீஸ் பண்றாங்க, அதை ஒரு விழா மாதிரி கொண்டாடுறாங்க, நான் "சரி, எங்கயோ நல்ல இடத்துக்கு அனுப்புறாங்க போல"ன்னு கீழ ஒரு வரி சேர்த்தேன். புக்கோட பின்பாதில அதுக்கு என்ன அர்த்தம்னு கதையோட ஹீரோ ஜோனஸ் கண்ணால பார்க்குறான், இங்க சொல்ல மாட்டேன், படிங்க. நான் அந்தப் பக்கத்துல புக்கை மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன், அப்புறம் நோட்டை எடுத்து நான் எழுதின அந்த ரெண்டு வரியைப் பார்த்தேன். அந்த ஊர்க்காரங்க எப்படி அந்த வார்த்தையை ஏத்துக்கிட்டாங்களோ அதே மாதிரிதான் நானும் ஏத்துக்கிட்டு பக்கத்தைத் திருப்பியிருக்கேன். யூகத்தை எழுதி வைக்காம இருந்திருந்தா "எனக்கு அப்பவே தெரியும்"னு எனக்கு நானே சொல்லியிருப்பேன்.

4. படிக்கும்போது குறிக்கிறது, இதுதான் மொத்த விஷயமும்

ஹைலைட் மட்டும் போதாது. ஹைலைட் எந்த இடம்னு காட்டும், என்ன தோணுச்சுன்னு காட்டாது, ஆறு மாசம் கழிச்சு மஞ்சக் கோட்டைப் பார்த்தா எதுக்குப் போட்டோம்னே தெரியாது. ஒரு வரி எழுதுங்க. அதுல மூணு இருக்கணும்: சாப்டர் நம்பர் (பக்க நம்பர் பதிப்புக்குப் பதிப்பு மாறும்), என்ன நடந்துச்சு, உங்களுக்கு என்ன ஆச்சு. "சோகமா இருந்துச்சு"ன்னு எழுதாதீங்க, தொண்டை அடைச்சுதா, வயிறு பிசைஞ்சுதா, யாரையாவது அறையணும் போல இருந்துச்சா, பக்கத்தைத் தள்ளிட்டுப் போகத் தோணுச்சா, அதை எழுதுங்க. கோவம்னா யார் மேல கோவம்னு எழுதுங்க, வில்லன் மேலயா, ஹீரோயின் மேலயா, இல்ல எழுத்தாளர் மேலயா. இந்த ஒரு கேள்விலயே பாதி தெளிவு வந்துரும். கிவ்வர் ஆரம்பமே இப்படித்தான், ஜோனஸ் தனக்கு வந்திருக்கிறது பயமா, இல்ல வேற ஏதாவதான்னு சரியான வார்த்தையைத் தேடிக்கிட்டு சைக்கிள்ல வீட்டுக்குப் போறான், எனக்கு அந்தப் பையனை முதல் பக்கத்துலயே பிடிச்சுப் போனதுக்கு அதுதான் காரணம்.

என் நோட்டுல இருந்து ஒண்ணு சொல்றேன். ஹங்கர் கேம்ஸ் முதல் புக்ல, பாதி தாண்டி, 11வது மாவட்டத்துல இருந்து ஒரு சின்ன ரொட்டி பாராசூட்ல இறங்கி வரும். பிறை வடிவம், கருப்பு கலர், மேல விதை தூவியிருக்கும். யாருக்காக அனுப்பினாங்க, யாரு கைக்கு வந்துச்சுங்கிறதை நீங்களே படிச்சுக்கோங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பெரிய சோகம் ஒண்ணு நடந்திருக்கும், அதுல எனக்குக் கண்ணுல தண்ணி வரல, இந்த ரொட்டியைப் பார்த்ததும் உடைஞ்சுட்டேன். நோட்டுல: "ரொட்டி. சாவுக்கு அழல, இதுக்கு அழறேன், ஏன்?"

அந்த "ஏன்"தான் முக்கியம், அன்னைக்கே பதில் வரணும்னு இல்ல. ரெண்டு நாள் கழிச்சு எனக்குத் தோணுச்சு, அந்த மாவட்டத்துல எல்லாருமே பட்டினி, விளையாட்டுக்குள்ள ஒரு பொருள் அனுப்பணும்னா கொள்ளை காசு ஆகும், அப்போ எத்தனை வீட்ல ஒரு வேளைச் சோத்தை விட்டுட்டு காசு போட்டிருப்பாங்க. அப்புறம் முன்னாடி புரட்டிப் பார்த்தா, பயிற்சி நடக்கும்போது காட்னிஸோட மாவட்டத்துப் பையன் பீட்டா ரொட்டிக் கூடையைக் கவுத்து எந்த மாவட்டத்து ரொட்டி எப்படி இருக்கும்னு காட்னிஸுக்கு விளக்குற இடம் ஒண்ணு இருக்கு, நான் அதைச் சும்மா பேச்சுன்னு நினைச்சு ஓட்டியிருந்தேன். எழுத்தாளர் அங்கயே விதைச்சு வச்சிருக்காங்க. நமக்கு அழுகை வந்த இடத்துல இருந்து பின்னாடி நடந்து போனா இப்படி ஒரு விதை கிட்டத்தட்ட எப்பவுமே கிடைக்கும், நாவல் எப்படிக் கட்டுறாங்கன்னு நான் கத்துக்கிட்டதெல்லாம் இந்த வழியிலதான்.

இன்னொண்ணு, மூச்சு முட்டுற மாதிரி இருந்தா வினைச்சொல்லைப் பாருங்க. ஹங்கர் கேம்ஸ் முழுக்க "நான் ஓடுறேன், நான் மரத்துல ஏறுறேன்"னு நிகழ்காலத்துல போகும். "ஓடினேன்"னு சொன்னா ஆளு எப்படியோ பொழைச்சு வந்து நம்மகிட்ட உக்காந்து கதை சொல்றான்னு மனசு நிம்மதியாயிரும். "ஓடுறேன்"ல அந்த நிம்மதி கிடையாது.

5. டிஸ்டோபியான்னா சட்டத்தை ஒரு வரில எழுதி, கணக்கு போட்டுப் பாருங்க

அந்த ஊரோட சட்டம் என்ன, அதால யாருக்கு லாபம், ரெண்டு வரி. அப்புறம் கணக்கு இருந்தா பேனாவை எடுத்துப் போடுங்க. ஹங்கர் கேம்ஸ்ல 12 வயசானா குலுக்கல்ல பேரு ஒரு தடவை போகும், வருஷத்துக்கு ஒண்ணு கூடும், 16 வயசுல அஞ்சு. ஆனா வீட்ல சாப்பாடு இல்லன்னா கூடுதலா பேரைப் போட்டு தானியமும் எண்ணெயும் வாங்கிக்கலாம், ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கான ரேஷன், அதுவும் வருஷா வருஷம் சேர்ந்துக்கிட்டே போகும். காட்னிஸ் வீட்ல மூணு பேர், அஞ்சு வருஷம், அது 15, கூட இந்த அஞ்சு, மொத்தம் 20. அவ ஃப்ரெண்ட் கேலுக்கு 18 வயசு, வீட்ல அஞ்சு பேர், ஏழு வருஷம், 35, கூட ஏழு, 42. நான் இதைப் பேப்பர்ல போட்டுப் பார்த்தப்போதான் எரிஞ்சுது. குலுக்கல்னு சொல்லி எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு காட்டுறாங்க, ஆனா பசிக்கிற வீட்டுப் பையன் பேருதான் அந்தக் கண்ணாடிப் பந்துக்குள்ள ரொம்பிக் கிடக்கு. சும்மா படிச்சுட்டுப் போனா 20, 42ங்கிறது வெறும் நம்பர்.

இதை விட கஷ்டமான வேலை ஒண்ணு இருக்கு: அந்த ஊர்ல எந்த விஷயத்துக்கு நீங்க தலையாட்டுனீங்கன்னு நேர்மையா எழுதுறது. கிவ்வர்ல சண்டை இல்ல, பசி இல்ல, யாரும் யாரையும் மனசு நோகப் பேசுறது இல்ல, முதல் சில சாப்டர் படிக்கும்போது எனக்கு அங்க போய் இருக்கலாம் போல இருந்துச்சு. ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டோட அக்லீஸ், 2005ல வந்தது, அதுல 16 வயசானா எல்லாருக்கும் ஆபரேஷன் பண்ணி அழகாக்கிருவாங்க. அந்த வயசுல எனக்கு இப்படி ஒண்ணு கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேனா? சத்தியமா தெரியல, நோட்டுல "தெரியல"ன்னுதான் எழுதியிருக்கேன். இந்த மாதிரி எழுதுற வரியை யாருக்கும் காட்டணும்னு அவசியம் இல்ல, ஆனா எழுதிருங்க.

6. ஃபேன்டஸில மந்திரம் எந்த உணர்ச்சியைப் பெருசாக்குதுன்னு பாருங்க

சண்டைக் காட்சியை விட்டுத்தள்ளுங்க, அது எல்லாருக்கும் பிடிக்கும். எர்த்ஸீல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிஜப் பேரு இருக்கு, அது தெரிஞ்சவன் கைல உங்க உயிரே இருக்கிற மாதிரி, அதனால யாரும் யாருக்கும் சொல்ல மாட்டாங்க. கெட் பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டு, முகத்துல தழும்போட, கூனிக் குறுகி நிக்கிற நேரத்துல அவனோட ஃப்ரெண்ட் வெச் கிளம்பறதுக்கு முன்னாடி தன்னோட நிஜப் பேரைச் சொல்றான். ஒரு வார்த்தைதான். நிஜ வாழ்க்கைல "நான் உன்னை நம்புறேன்"னு சொன்னா எவ்ளோ பெருசோ அதை இந்த விதி பத்து மடங்கு ஆக்கிருது, ஒரு பேரைச் சொல்றது தன் கழுத்தையே நீட்டுற மாதிரி ஆயிருது. என் நோட்டுல அந்த இடத்துல "எனக்கு இப்படி ஒருத்தர் உண்டு" அப்படின்னு எழுதி ஒரு பேரு இருக்கு.

7. லவ் ட்ரையாங்கிள்

வரும், நிறைய புக்ல வரும். எரிச்சல் வந்தா எரிச்சல்னு எழுதுங்க, யாரு பக்கம் சேர்ந்தீங்கன்னும் எழுதுங்க. ஹீரோயினுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு பேரும் ரெண்டு விதமான வாழ்க்கையா இருந்தா அது நல்ல ட்ரையாங்கிள், வெறும் கண்ணு கலர் வித்தியாசம்னா நகர்ந்துருங்க.

8. பாதில விடுறதும் ஒரு ரியாக்‌ஷன்தான்

பிடிக்கலன்னா விடலாம், தப்பே கிடையாது, ஆனா ஏன் விட்டீங்கன்னு ஒரு வரி. கேரக்டர் ஒட்டலயா, உலகம் நம்பற மாதிரி இல்லயா, நடை இழுக்குதா, இல்ல உங்க மனசு அன்னைக்கு சரியில்லையா. கடைசிக் காரணமா இருந்தா அந்த புக்கை "அப்புறம்"னு குறிச்சு வைங்க. இந்தக் கதைகள்ல குழந்தைங்க சாகுற காட்சியெல்லாம் வரும், ஏற்கனவே மனசு பாரமா இருக்கிற நாள்ல வலுக்கட்டாயமா படிக்க வேண்டாம், புக் எங்கயும் போயிராது.

சீரிஸ்ல ஒரு புக் சொதப்புன மாதிரி தோணுனா, எது மாறுச்சுன்னு பாருங்க. வெரோனிகா ராத்தோட டைவர்ஜென்ட் சீரிஸ்ல (2011ல இருந்து 2013 வரைக்கும்) முதல் ரெண்டு புக் முழுக்க ட்ரிஸ் ஒருத்தி குரல்தான், மூணாவதுல திடீர்னு ட்ரிஸ் ஒரு சாப்டர், டோபையஸ் ஒரு சாப்டர்னு மாத்தி மாத்தி வருது. எனக்கு ரெண்டு குரலும் ஒண்ணு போலவே கேட்டுச்சு, யாரு பேசுறாங்கன்னு சாப்டர் தலைப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டி வந்துச்சு. "மூணாவது புக் போர்"னு எழுதியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும், குரல்தான் பிரச்சினைன்னு கண்டுபிடிச்சதால அந்தக் கதை மேல இருந்த கோவம் குறைஞ்சுது.

9. முடிச்சதும் 24 மணி நேரத்துக்குள்ள எழுதிருங்க, மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி

அடுத்தவங்க கருத்தைப் படிச்சிட்டா நம்மளது கலங்கிரும், அப்புறம் எது நம்மளதுன்னு பிரிக்க முடியாது. பெருசா வேண்டாம், பத்து வரி. எந்தக் காட்சி முதல்ல ஞாபகம் வருது, எங்க வேகம் குறைஞ்சுது, முடிவை நம்பினீங்களா, யாரை விட்டுப் பிரிய மனசில்ல. "எனக்குப் பிடிச்சுது"ங்கிறதும் "நல்லா எழுதியிருக்கு"ங்கிறதும் வேற வேற, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சில புக் சுமாரா எழுதினதுதான், அதை ஒத்துக்கிட்டதால பிடிப்பு குறையல. வெளிய யாருக்காவது சொல்றதா இருந்தா ஸ்பாய்லர் இருக்குன்னு முதல்லயே சொல்லிருங்க, புக்கை எவ்ளோ வேணா திட்டலாம், அதைப் பிடிச்சவங்களைத் திட்டாதீங்க, அந்த புக்கை யாரோ ஒருத்தர் தன்னோட ரொம்ப மோசமான ஒரு வருஷத்துல பிடிச்சுக்கிட்டு நடந்திருப்பாங்க.

10. ஒரு வருஷம் கழிச்சு ஒரு புக்கையாவது திரும்பப் படிங்க

பழைய நோட்டைப் பார்க்காம படிச்சு, புதுசா எழுதி, அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. நான் கிவ்வரைத்தான் திரும்ப எடுத்தேன். முதல் தடவை என் நோட்டு பூரா ஜோனஸ், ஜோனஸ்தான், தனியா மாட்டிக்கிட்டானே, யாருகிட்டயும் சொல்ல முடியலயேன்னு. ரெண்டாவது தடவை முதல் சாப்டர்லயே கண்ணு அவனோட அப்பா மேல போச்சு, சாந்தமான மனுஷன், குழந்தைங்களைப் பார்த்துக்கிறதுதான் வேலை, சரியா வளராத ஒரு கைக்குழந்தையைப் பத்தி சாப்பாட்டு மேஜைல கவலையோட பேசுறார், அதுக்கு உதவி பண்ணணும்னு ஆசைப்படுறார். அவர் பாசத்துல பொய்யே இல்ல. பின்னாடி வரப்போறதும் எனக்குத் தெரியும். புது நோட்டுல அந்த சாப்டருக்கு நேரா நான் எழுதினது: "இவர் நல்லவர். வயிறு என்னமோ பண்ணுது."